பனிக்குள் ஒரு சுடுதண்ணீர்த் தொட்டி

ஊரில் போர் முடிந்தபின் இந்தப் பனிநாட்டில் வந்த இரண்டாவது குளிர்காலம். வோபர்ன் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவர் சொன்னார்:

"அண்ணை, நேற்று என்ரை மனிசி கொட்டுற பனிக்குள்ளை இருந்து குளிச்சவ."

"என்ன, விசரே உங்களுக்கு?"

"மலிவா ஒரு ஹொட் டப் வாங்கினனான். காத்தடிச்சு நிமித்திற சுடுதண்ணித் தொட்டி. பின்வளவிலை வைச்சிருக்கிறன்."

"உந்தக் குளிருக்குத் தண்ணி உறையாதோ?"

"அடியிலை ஃபோம் அட்டை, சுத்திவரப் பழைய கம்பளி, மேலை தடிச்ச மூடி. சூடு அப்பிடியே நிக்குது."

"உது உமக்குத் தேவையோ?"

"அவ முகாமிலை ஒரு வாளித் தண்ணிக்கு வரிசையிலை நிண்டவ. இஞ்ச வந்தும் ஷவரைத் திறந்த கையோடை பூட்டிப்போடுவா. தண்ணி முடிஞ்சிடுமெண்டு பயம். நேற்றுத்தான் கழுத்தளவு தண்ணியிலை இருந்தா. தலையிலை பனி விழ விழச் சிரிக்கிறா."

மூத்தவர் அவர் பக்கம் திரும்பினார். பிறகு, "எப்ப வெளியிலை வந்தா?" என்று கேட்டார்.

"எங்கை வந்தா! தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுத்தன். 'இன்னும் கொஞ்சம் தண்ணி விடுங்கோ' எண்டா."

"விட்டனீரோ?"

"வழிய வழிய விட்டன் அண்ணை. இண்டைக்கு வளவெல்லாம் ஐஸ்!"