காலிக் கொக்கி

— கோட்டு கொக்கியில தொங்கினா ஆள் உள்ள இல்லன்னு அர்த்தமா, தம்பி?

— எங்க ஐஸ் ரூம்ல அதுதான் அண்ணி சட்டம். உள்ள போறவன் கொக்கியில இருக்கிற தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கிட்டுத்தான் போகணும். பூட்டுறவன் கொக்கியைப் பார்த்துட்டுத்தான் பூட்டணும். அண்ணன் கோட்டு தொங்கிட்டு இருந்துச்சு. அப்போ அவரு வீட்டுக்குக் கிளம்பிட்டாருன்னுதானே யாரா இருந்தாலும் நினைப்பான்?

— உள்ள பார்த்து ஒரு குரல் குடுத்திருக்கலாமே.

— குடுத்திருக்கலாம். குடுக்கல. இப்போ தூக்கத்துல அதைத்தான் செய்யறேன் அண்ணி. கதவைத் திறந்து, ‘அண்ணா, அண்ணா’ன்னு கத்தறேன்.

— அழாத. நான் மட்டும் என்ன பெரிய புத்திசாலி? டபுள் ஷிப்டுன்னா அவரு வர லேட்டாகும். லேட்டாச்சு, அப்போ டபுள் ஷிப்டுதான்னு நானே முடிவு பண்ணி, சாப்பாட்டை மூடி வெச்சுட்டுப் படுத்துட்டேன். லேட்டாக வேற காரணமே இருக்காதா? தோணவே இல்ல பாரு.

— உங்க மேல என்ன அண்ணி தப்பு?

— தப்பை விடு. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாகணும். உங்க மேனேஜர் இதே நாற்காலியில உக்காந்துட்டு, கோட்டு இல்லாம உள்ள போனது அவரோட அலட்சியம்னு சொல்லிட்டுப் போறாரு. அவரா அலட்சியம்? கேஸ் அடுப்பை அணைச்சோமான்னு பாதி வழியில திரும்பி வர்ற மனுஷன்!

— அதான் எனக்கும் புரியல. லோடு எல்லாம் ஏத்தியாச்சு. உள்ள எடுக்க ஒரு பெட்டி பாக்கி இல்ல. எனக்கு அன்னிக்கு வெளி வேலை, லாரியை அனுப்ப மெயின் கேட்டு வரைக்கும் போயிட்டு வந்தேன். வந்து பூட்டினேன். அதுக்குள்ள அவருக்கு உள்ள என்ன வேலை?

— உள்ளேருந்து திறக்க முடியாதா?

— பிடி இருக்கு. ஐஸ் கட்டி இறுகிக் கிடந்துச்சு. மெஷின் சத்தத்துல தட்டினாலும் வெளிய கேக்காது. நான் கிளம்பறேன் அண்ணி. உங்க முகத்தைப் பார்க்க முடியல.

— இரு. உன் கோட்டை எடுத்துட்டுப் போ. ஜிப்பு மாத்திட்டேன்.

— இப்பவா அண்ணி இதெல்லாம்...

— நீ அன்னிக்குக் காலையில குடுத்துட்டுப் போன கையோட முடிச்சுட்டேன். தையல் மெஷினுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தேன். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்னு நீதானே சொன்ன?

— தெரிஞ்சா தன் கோட்டைக் கழட்டி என் தோள்ல போட்டுட்டு அவரு குளிர்ல நிப்பாரு. பைத்தியக்கார மனுஷன்.

— கேளு, தம்பி. நீ பூட்டும்போது எல்லாக் கோட்டும் கொக்கியில இருந்துச்சா?

— இருந்துச்சு. என் கொக்கி மட்டும்தான் காலி. கோட்டு உங்ககிட்ட இருக்குன்னு எனக்குத்தான் தெரியுமே.

— எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதே, தம்பி. கதவு பூட்டறதுக்குள்ள உன்னை வெளிய கூட்டிட்டு வரத்தான் ஓடியிருக்காரு.