தராசா வண்டி ஓட்டப் போகிறது?

நம் பேருந்துத் தொழிலாளர் குடும்ப விழாவுக்குத் தலைமை ஏற்று, இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பணிமனை மேலாளர் அவர்களே, ஊருக்கு முன்னே எழுந்து ஊரையே எழுப்பும் ஓட்டுநர் பெருமக்களே, சில்லறைக்குச் சண்டை வந்தாலும் சிரித்த முகம் சுருங்காத நடத்துநர் தோழர்களே, என்னோடு கிரீஸில் குளித்து எழும் மெக்கானிக் தம்பிகளே, எல்லாருக்கும் மேலாக, எங்களுக்குச் சமைத்துப் போட்டு, எங்களோடு சண்டையும் போட்டு, எங்களை நிமிர்ந்து நிற்க வைத்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

சர்க்கரை நோயைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் மருத்துவன் அல்லன். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவன். ஆனால் என் வீட்டிலேயே ஒரு வண்டி நின்றுபோய் மறுபடி ஓடிய கதை உண்டு. அது என் அத்தானின் கதை. அக்கா முன்வரிசையில் இருக்கிறார். அத்தான் எங்கே என்று கேட்கிறீர்களா? வருவார், பொறுங்கள்.

அத்தானுக்கு இருக்கை என்றால் ஓட்டுநர் இருக்கைதான். கல்யாண வீட்டில் நாற்காலி போட்டாலும் கால் தானாகக் கிளட்ச்சைத் தேடும். அப்படிப்பட்டவருக்கு ஆண்டுப் பரிசோதனையில் சர்க்கரை எகிறியது. அடுத்த பரிசோதனைக்குள் அது கட்டுக்குள் வரவில்லையென்றால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, அலுவலகத்தில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் தொடங்கினார் பட்டினியை. காலையில் வெறும் தேநீர், மதியம் அரைச் சாப்பாடு, இரவில் கோபம். உதிரி பாகங்களை நிறுக்கும் நம் பணிமனைத் தராசில் தினமும் ஏறி நிற்பார். எடை இறங்கியது. பணிமனையே புகழ்ந்தது. இளைத்துவிட்டார், இளமை திரும்பிவிட்டது என்றார்கள். கன்னம் ஒட்டியது, கை மெலிந்தது, கால் சுருங்கியது. ஆனால் தொந்தி? அது மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் போல அசையாமல் இருந்தது. சர்க்கரையும் அசையவில்லை.

ஒரு பிற்பகல், வண்டி நிறையக் கூட்டம். ஒரு மேட்டில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது கிளட்ச்சில் இருந்த கால் நடுங்கியது. எஞ்சின் அணைந்து, வண்டி பின்னோக்கி ஒரு முழம் உருண்டது. கைபிரேக்கை இழுத்துப் பிடித்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் அழுதார். அழுதார் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை தாய்மார்களே. தன்னை நம்பி ஏறியவர்களுக்காக அழுத மனிதர் அவர்.

அக்கா மறுநாளே மருத்துவரிடம் இழுத்துப் போனார். உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கருவியில் ஏற்றிப் பார்த்த அந்த அம்மையார் சொன்னார்: "நீங்க தொப்பையைக் குறைக்கலைங்க. காலைக் குறைச்சிருக்கீங்க."

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். நம் பேருந்தை எடைமேடையில் ஏற்றுங்கள். கூரையில் ஏற்றிய பாரத்தை இறக்கினாலும் எடை குறையும். எஞ்சினைக் கழற்றிப் போட்டாலும் எடை குறையும். இரண்டும் ஒன்றா? எஞ்சின் இல்லாத வண்டி எந்த ஊருக்குப் போகும்? நாம் உண்ணும் உணவின் சர்க்கரையை வாங்கி எரிப்பதில் பெரும்பங்கு தசைக்கு. வயிற்றுக்குள்ளே சேர்ந்த கொழுப்போ, அந்த வேலையைக் கெடுக்கிறது. என் அத்தான் பாரத்தை வைத்துக்கொண்டு எஞ்சினை இறக்கியிருந்தார்.

அப்புறம் என்ன? மருத்துவர் சொன்ன மாத்திரை ஒரு வேளையும் தவறவில்லை. தட்டில் முட்டையும் பருப்பும் காய்கறியும் முன்னே வந்தன. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, உட்காருவது. தண்ணீர்க் கேன்களைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறுவது. நம் அக்கா விசில் ஊதாத குறைதான். அக்கா, மறுக்காதீர்கள், நான் பார்த்தேன்.

வாரங்கள் ஓடின. தராசு முள் இறங்கவில்லை; கொஞ்சம் ஏறவும் செய்தது. பணிமனையில் கிண்டல். பின்வரிசையில் சிரிக்கிறீர்களே, நீங்கள்தான். அத்தான் மனமுடைந்து மறுபடி பட்டினிக்கே போகிறேன் என்றார். அக்கா தட்டை அவர் முன்னால் நகர்த்தினார். "தராசா வண்டி ஓட்டப் போகுது? நீங்கதானே ஓட்டணும். சாப்பிடுங்க."

பரிசோதனை நாள் வந்தது. எடை பெரிதாக மாறவில்லை. ஆனால் இடுப்புப் பட்டையை இறுக்கக் கூடுதலாக ஒரு புது ஓட்டை போட வேண்டியிருந்தது. தசை ஏறியிருந்தது, தொந்தி கரைந்திருந்தது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்திருந்தது. கையெழுத்துப் போட்ட மருத்துவர், வண்டியை எடுங்கள் என்றார்.

ஆகவே சொல்கிறேன்: எடையை மட்டும் பார்க்காதீர்கள், இடுப்பைப் பாருங்கள். இளைப்பதை மட்டும் எண்ணாதீர்கள், வலுப்பதை எண்ணுங்கள். உங்கள் உடம்புக்கு எது ஏற்றது என்று மருத்துவரைக் கேளுங்கள். வருமா வலிமை என்று ஐயப்படுகிறீர்களா? வரும். வந்திருக்கிறது.

அதோ, வாசலில் ஹாரன் கேட்கிறதா? இந்த மண்டபத்துக்கு ஏறி வரும் மேடு எது என்று ஓட்டுநர்களுக்குத் தெரியும். அன்று உருண்ட அதே மேடு. மேடையிலிருந்தே ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: நம் கடைசிக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் நின்று, கிளப்பி, ஒரு விரற்கடையும் பின்வாங்காமல் வந்து சேர்ந்திருக்கிறார் என் அத்தான். தம்பி, வழிவிடு. படியேற அவருக்குக் கை கொடுக்க வேண்டாம், அவரே ஏறுவார். அந்தக் கைகளைத் தட்டுங்கள்.

இதுவரை பொறுத்த தலைவருக்கும், கேட்ட உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வலுவோடு வாழுங்கள், வணக்கம்.