ஒரு வருஷம் முந்தி

ரெய்னர்ஸ் லேன் நிலையத்தில் ரயிலேறிய தாயும் மகனும் எனக்கு எதிரே அமர்ந்தார்கள். மகன் அமெரிக்கக் கல்லூரியொன்றில் படித்துக்கொண்டே அந்த நாட்டு ஃபுட்பால் ஆடுகிறான் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"டிகிரி காத்திருக்கும் அம்மா. முழங்கால் காத்திராது."

"இன்னும் ஒரு வருஷம்தானே தம்பி, முடிச்சிட்டுப் போ."

"அதுக்குள்ள காயப்பட்டால் ஒரு கிளப்பும் என்னைத் தொடாது. கிளப்புகள் ஆள் எடுக்கிற டிராஃப்டுக்கு இந்த முறையே பேர் குடுக்கப்போறன்."

"ஒருத்தரும் எடுக்காட்டி?"

"திரும்பிப் போய்ப் படிப்பன். ஆனா கல்லூரிக்கு விளையாட ஏலாது."



"அப்பாவுக்குச் சொல்லிட்டியே?"

"இண்டைக்குச் சொல்லுவன்."

"வேண்டாம். அப்பாவோட நான் கதைக்கிறன். நீ பக்கத்தில இரு, வாய் திறக்காதை."