பார்க் யாருடையது?

சர்க்கரைப் பொங்கலில் முந்திரி தாராளமாக இருக்க வேண்டும், இன்ஸ்பெக்டர். அதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

டில்லியில் பதினைந்து வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் நான். நேஷனல் ஹைவே எங்களுடையது, நேஷனல் லைப்ரரி எங்களுடையது. இந்த ஊருக்குக் குடிவந்து, சிட்னிக்கு மேற்கே 'நேஷனல் பார்க்' என்ற பலகையைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷம். எழுபத்தேழாம் வருஷப் பொங்கலை அங்கேதான் வைப்பது என்று தீர்மானித்தேன். ஃபிளாட்டில் மின்சார அடுப்பு. அதில் பொங்கினால் சூரியனுக்கு எப்படித் தெரியும்?

அன்று வெயில் கொளுத்தியது. எங்கும் நெருப்பு மூட்டக்கூடாதென்று மாநில அரசு தடை போட்டிருந்தது. கூட வந்த யாழ்ப்பாணத்து நண்பர் இரத்தினசிங்கம் காரிலேயே சொன்னார்: "நேஷனல் எண்டது பேர் மட்டும்தான், ஐசே. பார்க் ஸ்டேட்டின்ரை." எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பேரில் தேசியம், ஆளுவது மாநிலமாம்.

மூன்று கல் வைத்து அடுப்பை மூட்டினேன். ரேஞ்சர் கெவின் வந்தார். மரியாதையான மனிதர், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் அணைக்கச் சொன்னார். "கான்பெராவில் இருக்கிற மத்திய சர்க்கார் சொன்னால் அணைக்கிறேன்" என்றேன். சிரித்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. வாளியோடு பக்கத்திலிருந்த தகரக் கொட்டகைக்குள் தண்ணீர் பிடிக்கப் போனார். பால் நுரை கட்டும் நேரம். பொங்குமுன் அடுப்பை அணைத்தால் அந்த வருஷம் விளங்குமா? கதவைச் சாத்தி, அதிலிருந்த சாவியாலேயே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். பொங்கும்வரைக்கும்தான்.

பொங்கியது. அதுவும் கிழக்குப் பக்கமாக. நானும் மனைவி விமலாவும் பொங்கலோ பொங்கல் என்று கூவினோம். உள்ளே அவர் கதவைத் தட்டியது மேளத்துக்கு மேளமாயிற்று. "அந்தாளைத் திறந்து விடும்" என்றார் இரத்தினசிங்கம். ஓம் ஓம் என்று அவர் பாணியிலேயே சொன்னேன்.

அப்போதுதான் காற்று திரும்பியது. யூகலிப்டஸ் சருகு பற்றிக்கொண்டது. "விமலாவைக் காருக்குக் கூட்டிப் போங்க. திறந்துவிட்டு வர்றேன்" என்று இருவரையும் அனுப்பிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். சாவியைப் பூட்டில் நுழைத்தும்விட்டேன். திருப்புமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்தப் பார்க் யாருடையது?

அந்த நேரத்திலும் மனுஷன் ஸ்டேட் என்றார். மறுபடி கேட்டேன். "உங்களுடையது, எல்லாம் உங்களுடையதுதான், திறங்க" என்று அழுதார். அதுவும் தப்பு. கான்பெரா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திறந்திருப்பேன். பிறகு கொட்டகையையும் நெருப்பு பிடித்தது. அவர் குரல் நின்றது. நான் சாவியை உருவிக்கொண்டு காருக்கு ஓடினேன்.

சாவியா? கைக்குள் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் மாநிலப் போலீஸ். கான்பெராவிலிருந்து ஆள் வரட்டும், உடனே கொடுத்துவிடுகிறேன்.