நீலப்பூக் கொடியடியில் இரண்டு செம்புக் காசு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் ஈரமாக இருந்தால் அடுப்புப் பக்கம் நீட்டிக்கொள்ளுங்கள். எங்கள் வெர்மான்ட் மலைப்பக்கம், ஆர்டிஸ் டட்டில் வீட்டு வாசலில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லப்போகிறேன். ஆர்டிஸுக்கு எழுபது தாண்டிவிட்டது. சண்டைக்கு வந்த மெர்ல் கன்யான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். ஓய்வு நாளில், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்தும் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு, இடிந்து காடு மூடிப்போன பழைய வீடுகளின் குழிகளில் காசு தேடுவான். இனி அவர்கள் பேசட்டும், நான் குறுக்கே வரமாட்டேன்.

மெர்ல்: ...காப்பியெல்லாம் வேண்டாம், மிசஸ் டட்டில்.

ஆர்டிஸ்: போன வாரம் வரைக்கும் ஆர்டிஸ். இன்னைக்கு மிசஸ் டட்டிலா? சரி, முன்வாசல்ல நிக்காத. பின்பக்கமா வா, டோநட் சூடா இருக்கு.

மெர்ல்: இங்கயே நிக்கறேன். இந்தாங்க, உங்க காட்டுல கிடைச்ச ரெண்டு செம்புக் காசு. ரெண்டையும் நீங்களே வச்சுக்கங்க.

ஆர்டிஸ்: நிலத்துக்காரிக்கு ஒண்ணு, தோண்டுனவனுக்கு ஒண்ணு. அதுதானே உங்க ஆளுங்க வழக்கம்?

மெர்ல்: இதுல எனக்குப் பங்கு வேண்டாம். தொட்டதே பாவம்.

ஆர்டிஸ்: ஆரம்பிச்சுட்டான்...

மெர்ல்: சனிக்கிழமை காசு தேடுற எங்க கிளப்புல மேசை மேல வச்சுப் பீத்திக்கிட்டேன். ஆளாளுக்கு முதுகுல தட்டுனாங்க. எங்க கூடத் தேடுற லூசில் மட்டும் கை வைக்கல. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கிடந்துச்சான்னு கேட்டா. ஆமான்னேன். அங்க என்ன படர்ந்திருந்துச்சுன்னு கேட்டா. நீலப்பூக் கொடின்னேன். அவ்வளவுதான், சாவு வீட்டுல கழட்டுற மாதிரி தொப்பியைக் கழட்டிட்டா.

ஆர்டிஸ்: தலை வேர்த்திருக்கும்.

மெர்ல்: கிண்டல் வேண்டாம். அந்தக் காலத்துல செத்தவங்க கண்ணு திறந்துக்கக் கூடாதுன்னு, இமைக்கு ஒண்ணா ரெண்டு காசு வச்சு அப்படியே புதைச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரியாது?

ஆர்டிஸ்: கேள்விப்பட்டிருக்கேன்... ஆனா அவ்வளவு ஆழத்துல கிடக்கிறது உன் மிஷினுக்கு எப்படிக் கேக்கும்? பேசறான் பாரு.

மெர்ல்: உட்சக் பிராணி ஒண்ணு ஆழமா வளை பறிச்சு மண்ணை வெளிய தள்ளியிருந்துச்சு. அந்த மண்ணுலதான் காசு கிடந்துச்சு.

ஆர்டிஸ்: அப்ப அந்தப் பிராணிகிட்ட போய்ச் சண்டை போடு.

மெர்ல்: நீலப்பூக் கொடியைப் பார்த்தாலே எங்களுக்குக் கை பரபரக்கும். வாசல்ல நட்டு வளர்த்த கொடி அது. வீடு இடிஞ்சு போனாலும் கொடி போகாது. பள்ளம் இருக்கு, கொடி இருக்கு, வீடுதான்னு நினைச்சேன். அதே கொடியைக் கல்லறை மேலயும் நடுவாங்கன்னு புத்தியில ஏறல.

ஆர்டிஸ்: அது உன் தப்பு.

மெர்ல்: ஒரு கல்லறைக் கல்லு நின்னிருந்தா ஓடி வந்திருப்பேனே. ஒண்ணுகூட இல்ல. ஏன் இல்ல?

ஆர்டிஸ்: டோநட் ஆறுது...

மெர்ல்: காலையில பிள்ளைங்களைக் கைபிடிச்சு பஸ்ல ஏத்துற கை இது. இந்தக் கையைப் பொணத்தோட கண்ணுல வைக்க விட்டுட்டீங்களே. அங்க தோண்டாதன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?

ஆர்டிஸ்: எனக்கு ஒண்ணும் தெரியாது.

மெர்ல்: தெரியாதா? சரி. காசை அந்த வளையிலயே போட்டு மூடிடறேன். யார்கிட்டயும் மூச்சு விடல. என் பேரும் கெடாது, உங்க தம்பி ராய்ஸ் நிலத்தை விக்கிறதும் கெடாது.

ஆர்டிஸ்: என்ன சொன்ன?

மெர்ல்: மூடிடறேன்னு...

ஆர்டிஸ்: மூடிடுவியா? பாவம்னு இவ்வளவு நேரம் குதிச்சது இதுக்குத்தானா? நிலத்தை வாங்கறவன் திங்கக்கிழமை புல்டோசரோட வரான், தெரியுமில்ல? அஞ்சு பேரு கிடக்கறாங்க அங்க. அதுல ரெண்டு பச்சைக் குழந்தைங்க...

மெர்ல்: அஞ்சுன்னு நான் சொல்லலையே.

ஆர்டிஸ்: டோநட் ஆறிப் போயிருக்கும்...

மெர்ல்: ஆர்டிஸ்?

ஆர்டிஸ்: நீ முதல்ல அந்தக் கல்லை விட்டு இறங்கு.

மெர்ல்: எந்தக் கல்லு... இந்த வாசப்படியா?

ஆர்டிஸ்: ராய்ஸ் அப்பத் தொட்டில்ல கிடந்தான், அவனுக்குத் தெரியாது. ஆட்டுக்கு மேய்ச்சல் பத்தலைன்னு எங்கப்பா அங்க இருந்த கல்லையெல்லாம் பிடுங்கி... இறங்குன்னா இறங்கேன். நான் அதுல கால் வச்சதே இல்ல. எழுத்து கீழ்ப்பக்கம் இருக்கு.

மெர்ல்: கடவுளே...

ஆர்டிஸ்: சாகும்போது என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டார், யார்கிட்டயும் வாய் திறக்கக் கூடாதுன்னு. நிலத்தை ஏன் விக்கக் கூடாதுன்னு ராய்ஸ் கேட்டான். என்னத்தைச் சொல்ல? இப்ப நீ என் வாயைப் பிடுங்கிட்ட.

மெர்ல்: பிடுங்கத்தான் வந்தேன். மூடிடறேன்னது சும்மா. காலையிலயே டவுன் ஆபீசுல சொல்லிட்டேன். வெறும் காசை வச்சு வேலையை நிறுத்த முடியாதாம், ஒரு கல்லாவது காட்டுன்னாங்க. ரெண்டு பேரு உங்க தபால் பெட்டிகிட்ட கார்ல உக்காந்திருக்காங்க.

ஆர்டிஸ்: திருட்டுப் பய. அவங்களை ஏன் வெயில்ல வச்சிருக்க? கூப்பிடு. பின்பக்கமா வரச் சொல்லு.

மெர்ல்: கல்லைப் புரட்டக் கடப்பாரை வண்டியில இருக்கு, எடுத்துட்டு வரேன்... ஆனா ஒண்ணு. இந்தக் காட்டுல நிஜமான வீட்டுக் குழி மூணு இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு, அந்தக் கொடிகிட்ட போய்த் தேடுன்னு ஏன் என்னை அனுப்புனீங்க?

ஆர்டிஸ்: வாய் திறக்க மாட்டேன்னுதானே சத்தியம் பண்ணேன், மெர்ல். தோண்டுறவனுக்கு இடம் காட்ட மாட்டேன்னு பண்ணலையே.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசற்படியில் நீங்கள் என்றைக்கும் கூசாமல் கால் வைத்து ஏறவேண்டும். உள்ளே அடுப்பு அணையாமலும், உங்களுக்காகக் காத்திருக்கும் முகங்கள் குறையாமலும் இருக்கட்டும்.