நூலகத்துக்குள் எத்தனை டிகிரி

மரக்காணத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டுப் பெண் சொன்னது காதில் விழுந்தது.

"சூடு இருந்தா பரவால்லையாம்க்கா. அதக் காட்டத்தான் கூடாதாம்."

அவள் ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்பவள். பக்கத்திலிருந்தவள் உப்பளத்தில் வேலை செய்பவள் என்பது பேச்சில் தெரிந்தது.

"என்னாத்தடி காட்டுன?"

"லைப்ரரி ஷீட்டு கூரை இல்ல? ஃபேன் கேட்டு மூணு தபா எழுதினேன். அவ்ளோ சூடெல்லாம் இருக்காதுன்னுட்டாங்க. அதான் சூடு அளக்கற சென்சாரும் நம்பர் காட்டுற சின்ன போர்டும் வாங்கி, வீடியோ பாத்து நானே ஒயர் குடுத்து, சுவத்துல மாட்டினேன். மத்தியானம் முப்பத்தொம்போதுன்னு செவப்பா எரியுது. படிக்க வர்ற பொண்ணுங்க போட்டோ எடுத்து நெட்டுல போட்டுடுச்சுங்க. நேத்து ஆபீசர் வந்து, சுவத்துல இதெல்லாம் மாட்டக் கூடாது, கழட்டுன்னாரு."

"கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன். சுவத்துலதான கூடாதுன்னாரு? சென்சாரு உள்ளயே இருக்குது. நம்பர மட்டும் ரோட்டப் பாத்தாப்புல ஜன்னல்ல மாட்டிட்டேன். இப்ப பஸ்ஸுக்கு நிக்கறவங்கல்லாம் படிக்கறாங்க."

உப்பளத்துக்காரி சிரிக்கவில்லை.

"வேலைக்கு வேட்டு வெச்சுடுவாங்கடி. மெமோ குடுத்தா என்னா பண்ணுவ?"

"குடுக்கட்டும்க்கா. அதையும் அந்த ஜன்னல்லயே ஒட்டுவேன்."