வியர்வை என்று எழுதினேன்

"உள்ளே போட்டிருந்த துணியையும் சேர்த்து அனுப்புங்கள்." வாடிக்கையாளரிடம் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வாரண்டி பிரிவில் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் கேட்டேன். எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது, ஆகவே அங்கிருந்தே எழுதுகிறேன்.

விசாரணைக்கு வந்திருக்கும் உங்களுக்கு எங்கள் வேலை புதிது. டிரைசூட் என்பது குளிர்ந்த தண்ணீரில் இறங்குபவர்கள் போடும் முழு உடுப்பு. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது. அதற்குள் கதகதப்பாக ஒரு துணி போட்டுக்கொள்வார்கள். உடுப்பு கசிந்தால், எந்த இடத்தில் கசிகிறது என்று அந்தத் துணியின் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். துணி வராவிட்டால், "அது உங்க வியர்வைதான் சார், உள்ளயே குளிர்ந்து தண்ணியாயிடுது" என்று சொல்லி அனுப்பிவிடலாம். பத்தில் ஏழு பேருக்கு அதைத்தான் சொன்னோம். சில சமயம் அது உண்மையாகவும் இருந்தது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதற்கா படித்தேன் என்று மேலாளரிடம் நேராகவே கேட்டேன். "புதுசா படிச்ச வீட்டுப் பொண்ணு. அதான் எல்லாத்தையும் பரீட்சை மாதிரி பாக்குற" என்றார். அவருடைய தாத்தாவே பட்டதாரி.

அடுத்த வாரம் அந்த டைவர் போன் செய்தார். அணையில் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும் இடத்தில் இரும்புக் கம்பிகளில் சிக்கும் குப்பையை அகற்றுவது அவர் வேலை. "மேடம், இடது தொடைகிட்ட ஜில்லுனு ஏறுது. உங்க ஆளுங்க வியர்வைங்கிறாங்க. ஒரு தொடை மட்டுமா மேடம் வேர்க்கும்?"

உடுப்போடு துணியையும் அனுப்பச் சொன்னேன். பார்சல் வந்தது. பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னடி, மாப்பிள்ளை வீட்டுலேருந்து துணி வந்திருக்கு?" அறை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சேர்ந்து சிரிக்கும் அளவுக்கு அங்கே எனக்கு நெருக்கமானவர் யாரும் கிடையாது.

உடுப்பின் கைகளில் பாட்டிலும் கழுத்தில் பந்தும் சொருகி, காற்றடித்து, மேலே சோப்புத் தண்ணீர் தடவினேன். துளை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். தொடைத் தையலில் இரண்டு கிளம்பின. சாக்பீஸால் வட்டம் போட்டு, 'தயாரிப்புக் குறை' என்று பதிவு செய்தேன். ஒட்டுப் போடுபவர், நாங்கள் பசை அண்ணன் என்று கூப்பிடுபவர், உட்புறத்தில் ஒட்டினார். பசை காய ஒரு நாள் ஆகும்.

அந்த ஒரு நாளில்தான் டைவர் மறுபடி கூப்பிட்டார். துளையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். பாட்டில், பந்து, சோப்பு எல்லாம் சொன்னேன். "அடேங்கப்பா" என்றார். பசை ஏன் ரப்பரைப் பிடித்துக்கொள்கிறது என்று கேட்டார். அதையும் சொன்னேன். இருபது நிமிடம். என் அம்மாவுக்கு நான் ஏதோ ஆபீசில் இருக்கிறேன் என்பது தெரியும். சாப்பிட்டாயா என்பதற்கு மேல் கேட்க அவருக்குக் கேள்வி கிடையாது. அப்பா ஏசி இருக்கிறதா என்று கேட்பார். நான் படித்ததைப் பற்றி ஒரு மனிதர் என்னிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டது அன்றுதான்.

கடைசியில் அவர், "ரொம்ப நன்றி மேடம். இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது" என்றார்.

மறுநாள் காலை, பெட்டியில் மடித்து வைப்பதற்கு முன், வலது முழங்காலின் பின்புறம் ஊசியால் ஒரு குத்துக் குத்தினேன்.

இதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஒரே உடுப்பு மூன்று முறை தயாரிப்புக் குறை என்று பதிவானால் கம்பெனி புது உடுப்பு தரவேண்டும். அந்த உடுப்பின் தையல்கள் எல்லாமே நோஞ்சான். எப்படியும் ஒவ்வொன்றாக விட்டுவிடும். தானாகக் கசியும்வரை காத்திருந்தால் வாரண்டி முடிந்துவிடும். கம்பெனி அவருக்குச் செய்யவேண்டியதைச் சீக்கிரம் செய்ய வைத்தேன். அவ்வளவுதான்.

ஒரு மாதத்தில் போன் வந்தது. அந்த முறை உடுப்பு என்னிடம் இருந்த நாட்களில் மொத்தம் பதினொரு முறை பேசினோம். தண்ணீருக்கு அடியில் கண் தெரியாது, கையால்தான் பார்க்கவேண்டும் என்றார். மேலே கயிறு பிடிக்கும் கூட்டாளி கொட்டாவி விட்டால்கூடக் கயிற்றில் தெரிந்துவிடுமாம். "ஆனா நான் கொட்டாவி விட்டா அவனுக்குத் தெரியாது மேடம். என்ன நியாயம் சொல்லுங்க" என்றார். நான் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

இரண்டாவது பதிவு போட்டேன். பசை அண்ணன் முழங்காலில் ஒட்டினார். அந்த ஒட்டின் ஓரத்திலேயே மீண்டும் குத்தினேன். யாரையும் மாட்டிவிட அல்ல. ஒட்டு விட்டுவிட்டது என்று தோன்றினால் யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள், அதற்காக.

மூன்றாவது முறையும் உடுப்பு வந்தது. காற்றடித்தேன். நான் குத்திய இடத்தில் குமிழி வந்தது. சாக்பீஸை எடுத்துக் கீழே வைத்தேன். வட்டம் போட்டால் மூன்றாவது பதிவு. மூன்றாவது பதிவென்றால் புது உடுப்பு. புது உடுப்பு கசியாது.

நான் படிவத்தில் 'வியர்வை' என்று எழுதினேன். வியர்வை என்றால் ஒட்டும் கிடையாது. அப்படியே மடித்து அனுப்பினேன்.

புது உடுப்பு வர நான்கு மாதம் ஆகும், அதுவரை அவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்தேன். அவர் நன்மையைத்தான் யோசித்தேன். வியர்வைதான் என்று போனில் அவரிடம் சொன்னேன். "முன்னாடி எல்லாரும் அதைச் சொன்னப்ப நான் நம்பல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்" என்றார். "அப்ப ஈரமா இருந்தாலும் பயமில்லைதானே?"

பயமில்லை என்றேன்.

குளிர் ஏறிய வாரம் அது. மண்டியிட்டு மண்டியிட்டு வேலை செய்ததில் ஊசித் துளை அரிசி அளவுக்குக் கிழிந்திருந்தது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஈரம் ஏறியதும் மேலே வந்திருக்கலாம். அவர் வரவில்லை. வியர்வை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார். கை விறைத்தவரால் கயிற்றை இழுத்துச் சொல்ல முடியவில்லை. கூட்டாளிக்குச் சந்தேகம் வந்து தூக்கியபோது நேரம் கடந்துவிட்டது.

காலையில் நீங்கள் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டீர்கள்: கடைசியாக ஒட்டியது யார். எல்லாரும் பசை அண்ணனைக் காட்டினார்கள். 'தவறு என் கையால் நடந்தது' என்ற தாளில் அவர் மூன்று மணிக்குக் கையெழுத்துப் போடவேண்டும் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு அவர் என் மேசைக்கு வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"படிச்ச புள்ள, நீதான் காத்தடிச்சுப் பாத்த. நான் ஒட்டினது பிரிஞ்சிடுச்சா? நீ பிரிஞ்சிடுச்சுன்னா போட்டுர்றேன் கையெழுத்து."

"பிரியலண்ணே."

"அப்ப எப்படிம்மா?"

"மூணு மணி வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. சாப்பிடப் போங்க."

அவர் போனார். நீங்களும் மேலாளரும் சாப்பிடப் போயிருக்கிறீர்கள். இந்த அறையில் இப்போது நான் மட்டும். அவருடைய ஒட்டு பிரியவில்லை. ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஊசி போன தடம் வெளியிலிருந்து உள்ளே இருக்கும். குத்தியது நான். வியர்வை என்று எழுதியதும் நான். அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. மூன்று நாட்களாக டைவரின் மனைவி எங்கள் எண்ணுக்குப் போன் செய்துகொண்டிருக்கிறார். முதல் நாள் வாரண்டி அட்டையை என்ன செய்வது என்று கேட்டார். இரண்டாம் நாள், "வீட்டுல எப்பப் பாத்தாலும் உங்களப் பத்தித்தான் பேசுவாரு. எவ்வளவு பொறுமையா சொல்றாங்க தெரியுமான்னு" என்றார். இன்று காலை நாற்பது நிமிடம் பேசினோம். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்களாம். பிள்ளைகள் இல்லை. "ஒரு தடவ வந்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். "வர்றேன்க்கா" என்றேன்.

போகும் வழியில் ஒரு வாரத் துணியை எடுத்துக்கொள்வேன். இரண்டு பேருந்து மாறவேண்டும். இந்தத் தாள்களை மேலாளர் மேசையில் வைத்துவிட்டு இப்போதே கிளம்புகிறேன். நான் எங்கே இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்; ஓடி ஒளியவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்தான். இதைப் படித்ததும் அந்த அக்காவுக்கு உடனே போன் செய்துவிடாதீர்கள். ஒரு வாரம் போகட்டும். அந்த வீட்டில் அவர் தனியாக இருக்கிறார், பேசுவதற்கு என்னை விட்டால் அவருக்கு யாருமில்லை.